கட்டிலுக்குக் கீழே ஒரு டீ கப்

ராயபுரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எட்டு மாதம் நோட்டும் பேனாவுமாகத் திரிந்தேன். அங்கே வேலை செய்கிறவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கவனிப்பதுதான் என் ஆராய்ச்சி. பார்க்கலாம், எழுதலாம், குறுக்கே பேசக்கூடாது. நானே போட்டுக்கொண்ட சட்டம். சும்மா இருப்பது என் சுபாவமே இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "கிறுக்கிகினே கீறியேமா, வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்று வார்டு ஆயா கிண்டல் செய்வார்.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு எண்ணூர்க்காரர் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். கடலுக்குப் போகிற மனிதர். அதற்கு முன் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அவர் வந்தால் ஆயா வாசலுக்கு வெளியே போய் நின்றுவிட வேண்டும். அது அங்கே எழுதாத வழக்கம்.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணியும் துன்னல சார்."

வாசலிலிருந்து ஆயா, "சார், அது வந்து..." என்றார். டாக்டர் திரும்பவில்லை. நர்ஸ் கண்ணாலேயே அதட்டினார். 'ஆயா பேச வந்தார். நிறுத்திக்கொண்டார்' என்று நான் நோட்டில் எழுதினேன். என்ன அருமையான குறிப்பு என்று பெருமை வேறு! இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ரவுண்ட்ஸ் முடிந்ததும் வெளியே போய், "என்னக்கா சொல்ல வந்தீங்க?" என்று கேட்டேன்.

"கட்டிலுக்குக் கீய டீ கப்பு கெடந்துச்சிமா. நான்தான் எட்த்துப் போட்டேன். ஆறு மணிக்குக் குட்சிகீறாரு. கேட்டா, டீ இன்னா சாப்பாடான்றாரு."

எண்ணூர்க்காரர் பொய் சொல்லவில்லை. விடியலில் டீயைக் குடித்துவிட்டுக் கடலில் இறங்குகிறவருக்கு அது சாப்பாட்டில் சேராது. ஆனால் மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போனால் உயிரே போய்விடலாம். ஸ்ட்ரெச்சர் அதற்குள் லிஃப்ட் வரை போய்விட்டது. சட்டமாவது மண்ணாங்கட்டியாவது! ஆயாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"சிஸ்டர், நிறுத்துங்க! இவங்க சொல்றதைக் கேளுங்க!"

ஆயா சொன்னார். நர்ஸின் முகம் வெளுத்தது. ஆபரேஷன் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. நோயாளியின் மனைவிக்கு வந்ததே கோபம்! "ஒரு டீக்கு இம்மாம் பேஜாரா?" என்றார். நர்ஸ் பொறுமையாக விளக்கியதும் அந்தக் கோபம் அப்படியே புருஷன் பக்கம் திரும்பியது.

மாலையில் நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் 'சிகிச்சைக் குழு' என்று எழுதி, ஆளுக்கொரு வட்டம் போட்டிருந்தேன். டாக்டர், மயக்க மருந்து டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் எல்லாரும் இருந்தார்கள். ஆயாவுக்கு வட்டமே இல்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் ரவுண்ட்ஸ் நேரத்தில் ஆயா வழக்கம்போல் வாசல் பக்கம் நகர்ந்தார்.

"எங்க போறீங்க ஆயாம்மா? உள்ள வாங்க," என்றார் பெரிய டாக்டர். "இவர் இன்னிக்கு டீ குடிச்சாரா?"

ஆயா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலருகே வந்து நின்றார்.

"ஒரு சொட்டு இல்ல சார். காலைலேர்ந்து நான்தான் காவ காத்துகினு கீறேன்."

"அப்ப சரி, அனுப்பலாம்," என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டார்.