முகத்துவாரம் தாண்டி ஓங்கல் பார்க்கப் போனவர்கள்

ஓங்கல் காட்டும் தொழில் என்பது, வருவதாக ஒத்துக்கொள்ளாத விருந்தாளியை வரவேற்கப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காத்திருப்பது. டால்பினைத்தான் எங்கள் கரையில் ஓங்கல் என்கிறோம். மழை, கரண்ட், மேலதிகாரியின் மனநிலை என்று உங்கள் கையில் இல்லாத ஒன்றை நம்பிப் பிழைக்கிறவரா நீங்கள்? அப்படியென்றால் என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

என் பெயர் மேகலா. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் பாக்கிங் செக்‌ஷனில் நின்றேன். மெஷின் வந்தது, எங்களை அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயத்தில், கடல் உயிர்களைப் பார்க்க ஆட்களை அழைத்துவரும் ஒரு சின்னக் குழுவுக்குப் படகும், பேசத் தெரிந்த ஆளும் தேவைப்பட்டது. படகு என் அண்ணன் ஏழுமலையுடையது. பேச்சு என்னுடையது. காலை ஆறரைக்கு எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஏரியைக் கடந்து, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் போய்த் திரும்புவோம். இதோடு நான்கு சீசன் ஆகிவிட்டது.

போனில் வந்த திமிங்கலம்

முதல் சீசனில் பொன்னேரியிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். படகில் ஏறியதும் போனை நீட்டினார். பஸ் அளவுக்கு ஒரு கறுப்பு வெள்ளைத் திமிங்கலம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எகிறியது. "ஓர்கா. இது இங்க வருமா?" என்றார். "சார், இது குளிர்ந்த கடல்லதான் அதிகம். நம்ம பக்கம் எப்பவாவது அபூர்வமா தெரியும்னு சொல்வாங்க. எங்கண்ணன் இருவது வருசமா கடலுக்குப் போறாரு, ஒரு தபா கூட பாத்ததில்ல" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "இருவது வருசமா வர்லன்னா, இன்னிக்கி வர்துக்கு சான்ஸ் ஜாஸ்திதானே?"

அன்றைக்கு என் அதிர்ஷ்டம், மூன்று ஓங்கல் வந்தன. வந்ததோடு இல்லாமல், படகின் ஓரத்திலேயே எழும்பி மூச்சு விட்டன. அந்தச் சாரல் அவர் மனைவியின் முகத்தில் அடித்தது. அந்த அம்மா பலகையைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்தபடி, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கரைக்கு வந்ததும் அவர் கணவர் என்னிடம் வந்து கும்பிட்டார். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு மேடம். வெள்ளைதான் கொஞ்சம் கொறச்சல்."

ஒன்றுமே வராத அன்று

ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயத் தம்பதி. இரண்டு பேரும் கடலை அதுவரை பார்த்ததே இல்லை. மூன்று மணி நேரம் சுற்றினோம். ஓங்கல் இல்லை, ஆமை இல்லை, வழக்கமாக எட்டிப் பார்க்கும் கடல்காகம் கூட இல்லை. என்னிடம் இருந்த கதைகளெல்லாம் தீர்ந்துபோய், சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த மாதிரி நேரத்தில், கம்பெனியில் லைன் நின்றுபோனால் சூப்பர்வைசர் எங்களை எப்படிப் பார்ப்பாரோ, அதே மாதிரி எல்லோரும் என்னைப் பார்ப்பதாகத் தோன்றும்.

"மன்னிச்சிடுங்க ஐயா, இன்னிக்கி ஒண்ணும் தெரியல" என்றேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாதான் பதில் சொன்னார். "எங்க ஊர்ல மூணு வருசமா ஐப்பசி மழையே சொன்ன நேரத்துக்கு வர்ல. ஓங்கல் இன்னா கண்ணு, நீ வளக்கிற மாடா, கூப்ட்ட ஒடனே வர்துக்கு?"

அண்ணனின் சிரிப்பு

என் அண்ணன் படகு ஓட்டும்போது பேச மாட்டார். கஸ்டமர் ஏதாவது கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும் என்று நான்தான் பாடம் எடுத்திருந்தேன். ஒருநாள் சென்னையிலிருந்து கல்லூரிப் பெண்கள் ஆறு பேர். ஓங்கல் குதிக்கக் குதிக்கக் கை தட்டினார்கள். அதில் ஒரு பெண் திரும்பி, "அண்ணா, தினமும் இதைப் பாக்கறீங்களே, உங்களுக்கு எவ்ளோ புடிக்கும்?" என்று கேட்டுவிட்டாள்.

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அண்ணன் சொல்லிக்கொடுத்தபடியே பல் தெரியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார். "நான் போட்ட வலைல பூந்து, நான் புடிச்ச மீனத் தின்னுட்டு, வலையயும் கிழிச்சிட்டுப் போவுது. போன மாசம் ரெண்டு தபா. உங்களுக்கு அது சினிமா ஸ்டாரு. எனக்குத் தகராறு புடிச்ச பக்கத்து ஊட்டுக்காரன்."

மிதந்த ஆமை

பெரியபாளையம் கோயில் வாசலில் பூவும் வேப்பிலையும் விற்கும் ஐந்து பெண்கள் சேர்ந்து வந்தார்கள். வியாபாரம் இல்லாத நாளாகப் பார்த்து, வேன் பிடித்து வந்தவர்கள். ஜனவரி மாதம், ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் காலம். தூரத்தில் ஒன்று மிதப்பதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது உயிரோடு இல்லை. அந்த மாதிரி சமயத்தில் நான் காதைத் தொடுவேன், அண்ணன் படகைத் திருப்பிவிடுவார். அன்றைக்கும் திருப்பினார். ஆனால் தனலட்சுமி அக்கா என்கிற பெண் பார்த்துவிட்டார். "அது இன்னா? அங்க போ" என்றார்.

போனோம். கண் வீங்கி, கழுத்து தொங்கி, ஓட்டின் மேல் ஒரு காகம். "எப்டிச் செத்துச்சு?" என்று கேட்டார். காற்று, சீக்கு என்று எத்தனையோ சொல்லலாம். சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்கு ஏனோ வரவில்லை. "வலைல மாட்டிக்கும்க்கா. மூச்சு உட மேல வரமுடியாது. எங்க ஆளுங்க வலைதான்" என்றேன். அண்ணன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தலையிலிருந்த மல்லியை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.  இறங்கும்போது என் தோளில் கை வைத்து அவர் சொன்னது இன்னும் எனக்குக் குத்துகிறது. "நீ சீக்குல செத்துச்சுன்னு சொல்லிருந்தின்னா, நான் நிம்மதியா ஊட்டுக்குப் போயிருப்பேன்."

குட்டி

இது போன மாதம் நடந்தது. விடியும் முன்பே அண்ணன் கடலில் தன் வலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார். பயணம் முடித்துப் போய் இழுப்பதாக ஏற்பாடு. புது வலை. எட்டுப் பேரோடு நாங்கள் அந்தப் பக்கம் போனபோது மிதவைகள் கோணலாக இழுபட்டன. பெரிய ஓங்கல் ஒன்று அதையே சுற்றிச் சுற்றி வந்தது. கிட்டே போனதும் தெரிந்தது. வாலில் வலை சுற்றிய ஒரு குட்டி, மூச்சு விட எழும்புகிறது, பாதியிலேயே வலை கீழே இழுக்கிறது. ஓங்கல் மீனில்லை, நம்மைப் போல மூச்சு விடுகிற உயிர் என்று பத்து நிமிடம் முன்னால்தான் மைக்கில் விளக்கியிருந்தேன். இப்போது அது எல்லோர் கண்ணெதிரிலும் திணறியது. "கட் பண்ணுங்க! கட் பண்ணுங்க!" என்று ஒரே சத்தம். அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அறுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"மேகலா, கத்திய எடு" என்றார். மிதவை கட்டிய மேல் கயிற்றை அவர் இரண்டு இடத்தில் அறுத்ததும் வலை தளர்ந்தது. தண்ணீரில் குதித்துக் குட்டியின் வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தலையை மேலே பிடித்துக்கொண்டார். அது 'புஸ்'ஸென்று மூச்சு விட்டது. ஆனால் வாலில் நூல் சதைக்குள் இறங்கியிருந்தது. கத்தி வைத்தால் வால் போய்விடும். அப்போது பின்பலகையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவர், பெயர் முனிரத்தினம். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். "கத்தி வேணாம். சிக்கு எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கணும், நவுருங்க" என்று படகு ஓரத்தில் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் கையை விட்டார். அவர் ஜாக்கெட்டை நான் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தேன். கண்ணால்கூடப் பார்க்காமல் விரல் நுனியால் தடவித் தடவி, ஒரு கண்ணியைத் தளர்த்தி, இன்னொன்றை உருவினார். அண்ணன் தண்ணீரில் நடுங்கிக்கொண்டிருந்தார். பெரிய ஓங்கல் அவர் முதுகை உரசிக்கொண்டு போனது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. கடைசிச் சுற்று கழன்றதும் குட்டி ஒரு நொடி அப்படியே கிடந்தது. பிறகு அண்ணன் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

எல்லோரும் கை தட்டினார்கள். முனிரத்தினம் தட்டவில்லை. படகில் இழுத்துப்போட்ட வலையைப் புரட்டிப் பார்த்தார். குட்டி உதறியதில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. "குடுங்க, ஊட்டுக்கு எடுத்துக்கினு போய் முடிஞ்சி அனுப்புறேன்" என்றார். அண்ணன் உடம்பைத் துடைத்துக்கொண்டே அந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். "வேணாம் சார். இது இப்டியே கண்ணு முன்னால கெடக்கட்டும், இனிமே எந்த எடத்துல வலை போடக்கூடாதுன்னு மறக்காம இருக்கும்."

மொத்தத்தில், நான்கு சீசனில் ஓங்கல் எந்தப் பக்கம் தலை தூக்கும் என்றுகூட ஓரளவு சொல்லிவிடுகிறேன், படகிலிருக்கும் மனுஷர்கள் அடுத்து என்ன சொல்வார்கள், என்ன செய்வார்கள் என்று மட்டும் ஒரு தடவைகூட என்னால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை.