எலுமிச்சை கட்டிய விமானம்

பன்னிரண்டு வயதில் ஒரு விமானத்தைக் கீழே விழவைக்க நான் சதி செய்திருக்கிறேன். இத்தனை காலம் வெளியே சொல்லாததற்கு வெட்கம் ஒரு காரணம், சதி தோற்றுப்போனது இன்னொரு காரணம். வென்றிருந்தால் மனம் திருந்தியவன் என்ற பெயராவது மிஞ்சியிருக்கும். தோற்ற சதிகாரனுக்கு அதுவும் கிடையாது.

பதற வேண்டாம். அது ஆள் ஏறும் விமானமல்ல. ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை என் அன்றைய உயரத்துக்கும் சற்றுக் குறைவு. ஏரியல் வைத்த பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையில் நின்றபடியே ரேடியோவில் ஓட்டுவது. வானத்தில் கரணம் அடிக்கும், மல்லாந்து பறக்கும் என்று அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் படம் போட்டிருந்தது.

கொண்டுவந்தவர் மாமா. என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி, கப்பலில் இஞ்சின் பார்க்கிற வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்தில் லாரி வைத்திருந்தவர்கள் பல பேர், ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தவர்கள் சில பேர், கப்பலில் போனவர் அவர் ஒருவர்தான். கப்பல் நிற்கும் ஊர்களில் இப்படி விமானம் விடுகிறவர்களோடு பழகி, தானும் விடக் கற்றுக்கொண்டிருந்தார். நான் அவருக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவேன், இங்கிலீஷில். பதில் வராது. ஆனால் எழுதுகிறவன் நான் மட்டும்தான் என்பதில் எனக்கு ஓர் உரிமை இருந்தது.

முழுப்பரீட்சை விடுமுறைக்கு ராசிபுரத்திலிருந்து புதுச்சத்திரத்துக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சேலம் ரோட்டின் மேலேயே பெரியப்பாவின் பட்டறை. லாரிக்குப் பாடி கட்டுவார்கள். மாமா வந்து இறங்கி இரண்டு பொட்டலங்களை எடுத்து வைத்தார். ஒன்று செங்கல் கனத்தில் இருந்தது, மற்றொன்று கட்டில் நீளத்துக்கு. செங்கல் எனக்கு வந்தது. இங்கிலீஷ் அகராதி. கட்டில் நீளம் பெரியம்மா மகனுக்குப் போனது. அவன் எனக்கு ஒரு வயது மூத்தவன், எட்டாம் வகுப்பில் இங்கிலீஷில் தவறியவன்.

படிக்கிற பிள்ளைக்குப் புத்தகம், கைவேலை தெரிந்த பிள்ளைக்குச் சாமான் என்று மாமா விளக்கம் சொன்னார். நியாயமான விளக்கம்தான். ஆனால் அகராதியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க யாரும் வரமாட்டார்கள். விமானத்துக்கு வந்தார்கள். பட்டறை ஆசாரிகள் வந்தார்கள், டயர் கடைக்காரர் வந்தார், டீக்கடையில் லாரியை நிறுத்தியவர்கள் கிளம்ப மறந்து நின்றார்கள். எதிரே போட்டிப் பட்டறை வைத்திருந்தவர்கூட தினமும் டீ கிளாஸோடு ரோட்டைத் தாண்டி வந்து, "பறக்குமுங்களா?" என்று ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார். அவர் குரலில் இருந்த ஆசை பறக்கக்கூடாது என்பதுதான். அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் மனசு ஒத்துப்போனது.

பெட்டிக்குள் விமானம் இல்லை. விமானம் ஆகப்போகிற பலகைகள் இருந்தன. விரல் நகத்தால் கீறினால் பள்ளம் விழுகிற மரம். வேங்கையும் தேக்குமாய்ப் புழங்கிய பெரிய ஆசாரி ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன சாமி, அப்பளமாட்ட இருக்குது?" என்றார். அந்த அப்பளத்தை அண்ணன் பிளேடால் கோடு பிசகாமல் அறுத்தான். மீன் முள்ளைப் போல வரிசையாக நிறுத்தி, குண்டூசி குத்தி, பசை வைத்து இறக்கை செய்தான். பரீட்சைத் தாளில் மார்ஜின் கோடு நேராகப் போடத் தெரியாதவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் இங்கிலீஷ். பெட்டியோடு ஒரு செய்முறைப் புத்தகம் வந்திருந்தது. முப்பது பக்கம். அண்ணனுக்கு அது விளங்காது. ஆகையால் நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும், அவன் செய்ய வேண்டும். இந்த ஏற்பாட்டில்தான் நான் உயிர் தரித்தேன். 'நான் இல்லாமல் இது எழும்பாது' என்று தினமும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். சில வாக்கியங்களை வேண்டுமென்றே மெதுவாக வாசித்தேன். புத்தகத்தோடு வேட்டி அகலத்துக்கு ஒரு வரைபடமும் வந்திருந்தது. அண்ணன் அதைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்து, அதன் முன்னால் போய்ப் போய் நிற்பான். நான் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதில் கோடும் எண்களும்தான் இருந்தன, வாக்கியமே இல்லை. வாக்கியம் இல்லாத ஒன்றை நான் மதிப்பதில்லை.

மூன்று வாரத்தில் விமானம் உருவாகிவிட்டது. லாரிகளுக்கு எழுத்து எழுதுகிறவர் வந்து, இறக்கையில் 'முருகன் துணை' என்று சிவப்பில் எழுதினார். வாலில் பழக்கதோஷத்தில் 'ஒலி எழுப்பு' என்றும் எழுதிவிட்டார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே அண்ணனின் தோளில் கை போட்டார். அந்தக் கை அங்கேயே இருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷில் பன்னிரண்டு கடிதம் எழுதியவன் நான்.

மறுநாள் எடை சரிபார்க்கும் அத்தியாயம் வந்தது. இறக்கையின் முன் ஓரத்திலிருந்து மூன்றரை அங்குலம் பின்னால், இரண்டு பக்கமும் அடியில் குறி வைக்க வேண்டும். குறியில் ஆளுக்கொரு விரல் கொடுத்துத் தூக்கினால் விமானம் மூக்கும் சாயாமல் வாலும் சாயாமல் தராசு முள்போல நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மூக்கில் ஈயம் சேர்க்க வேண்டும். அந்த இடம் பின்னால் தள்ளிப்போனால் விமானம் சொல் பேச்சுக் கேட்காது, ஏறின வேகத்தில் விழும் என்று தடித்த எழுத்தில் எச்சரிக்கையும் இருந்தது.

எச்சரிக்கையை நான் மனதுக்குள் வாசித்தேன். வாய்விட்டு, "நாலு அங்குலம்" என்றேன்.

அண்ணன் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். "மறுக்கா படிடா தம்பி."

"நாலு அங்குலம்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு "செரி" என்று குனிந்துகொண்டான். எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது. எழுந்து வீட்டுக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பழைய லாரி பேட்டரியை உடைத்து எடுத்த ஈயத்துண்டு ஒன்று இஞ்சினுக்குப் பக்கத்தில் முடுக்கப்பட்டிருந்தது. அண்ணனும் மாமாவும் ஒரு பக்கத்துக்கு ஒரு விரலாக விமானத்தைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அது அசையாமல் நின்றது. தவறான இடத்தில் இத்தனை அழகாக நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வற்றிக் கிடந்த ஏரிக்குள் தரை வெடித்துக் காய்ந்திருந்தது. நடுவில் ஒரு பட்டையை மட்டும் பட்டறை ஆட்கள் சமன் செய்து வைத்திருந்தார்கள். அரை ஊர் வந்துவிட்டது. எதிர்ப்பட்டறைக்காரர் குடையோடு வந்து முன் வரிசையில் நின்றார்.

எங்கள் பக்கத்தில் எந்த வண்டியும் பூஜை போடாமல் கிளம்பாது. இதுவும் வண்டி. பெரியம்மா தட்டோடு வந்து இறக்கையில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். மாமா பொறுத்துக்கொண்டார். அடுத்து பெரியம்மா எலுமிச்சம்பழமும் ஏழு பச்சை மிளகாயும் கோத்த கயிற்றை எடுத்து, லாரி பம்பரில் கட்டுவதுபோல முன்னால் கட்டப் போனார். அங்கே மாமா குறுக்கே விழுந்தார். காற்றாடி சுற்றுகிற இடம், கயிறு தொங்கினால் அறுத்து எறிந்துவிடும் என்றார்.

"கட்டாம ஒரு வண்டியும் எங்கூட்டுல இருந்து வெளிய போனதில்லைங்க தம்பி."

"அக்கா, இது லாரி இல்லைங்க."

"லாரின்னா பரவால்லையே, ரோட்டோட போயிரும். இது ஊரே அண்ணாந்து பாக்கறதல்லொ."

பேரம் நடந்தது. மிளகாய் வேண்டாம், பழம் மட்டும், தொங்காமல் என்று முடிவானது. அண்ணன் கட்டுக்கம்பியால் பழத்தை இஞ்சினுக்கு அடியில் இறுக்கிக் கட்டினான். நல்ல பெரிய பழம். ஊர்க் கண் படக்கூடாது என்பதற்காகக் கட்டுகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது யார் கண் என்பது எனக்கு மட்டும் தெரியும். பெரியம்மா கற்பூரத்தைக் காட்டியபோது என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பியதுபோல் இருந்தது.

அப்புறம் மாமா செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இஞ்சினைக் கிளப்பும்போது யாராவது வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கைகாட்டியதும் விட வேண்டும். "நீ வாடா, பொஸ்தகம் படிச்சவன் நீதானே" என்று என்னைக் கூப்பிட்டார்.

மண்டி போட்டு வாலைப் பிடித்தேன். என் கண்ணுக்கு நேரே 'ஒலி எழுப்பு'. இஞ்சின் பிடித்தது. விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள், தலைக்குத் தேய்த்த எண்ணெய் தீய்ந்தாற்போலப் புகை முகத்தில் அடித்தது. கைக்குள் விமானம் உதறியது. அது என்னிடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறது என்றே தோன்றியது. எதிரே அண்ணன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றான். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். மூன்று வாரமாக அவன் விரல்களில் இருந்த பிளேடு வெட்டுகள் எனக்கு அப்போதுதான் தெரிந்தன.

என்னால் தாங்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். "நாலு இல்லைங்க மாமா, மூணரை."

இஞ்சின் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை. வாயைத் திறந்ததை மட்டும் பார்த்த மாமா, நான் தயார் என்கிறேன் என்று எடுத்துக்கொண்டு கைகாட்டினார். விட்டுவிட்டேன்.

அது ஓடியது. எழும்பியது. ஏரிக்கரைக்கு மேலே போய் வளைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கைதட்டல்தான் கேட்டது. திறந்து பார்த்தால் விமானம் மேலே ஏறி, மல்லாந்து, ஒரு முழுக் கரணம் அடித்து இறங்கிக்கொண்டிருந்தது. 'முருகன் துணை' தலைகீழாகத் தெரிந்தது. மாமா கைப்பெட்டியின் குச்சியை இழுத்துப் பிடித்தபடியே "மூக்கு கொஞ்சம் பாரமா இருக்குதடா" என்றார். அண்ணன் தலையை ஆட்டினான்.

மண்டி போட்ட நிலையிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் பின்னால் தள்ளிய அரை அங்குலத்தை மூக்கில் கட்டிய பழம் முன்னால் இழுத்துவிட்டது. என் பொறாமை எத்தனை கனமோ, அத்தனை கனத்தில் பெரியம்மா ஒரு பழம் பொறுக்கியிருக்கிறார். மாமா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் வாசிக்க மறந்துவிட்டேன். என் பொய்யும் பழமும் சமமாக இருந்திருந்தால் மூக்கு எதற்குப் பாரமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. முப்பது பக்கம் படித்தவனுக்குத் தோன்றவில்லை.

இறங்கும்போது சக்கரம் ஒரு வெடிப்பில் மாட்டி விமானம் மூக்குக் குப்புறச் சாய்ந்தது. காற்றாடி உடைந்தது, பழம் நசுங்கியது. வேறொன்றும் சேதமில்லை. வந்ததையெல்லாம் பழமே வாங்கிக்கொண்டது என்று பெரியம்மாவுக்குப் பரம திருப்தி. அன்று மாலையே வயிற்று வலி என்று சொல்லி ராசிபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அதன்பிறகு அது பறந்து நான் பார்க்கவில்லை.

இதன் பலனாக, சாமி கும்பிடாதவன் என்று பெயர் எடுத்த நான், எலுமிச்சை விஷயத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. முதல் ஸ்கூட்டர் வாங்கியபோது யாருக்கும் தெரியாமல் ஒன்று கட்டினேன்.

போன வருடம் வெண்ணந்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் அண்ணனுக்குப் பக்கத்தில் இலை கிடைத்தது. இப்போது பட்டறை அவனுடையது, மீசை நரைத்துவிட்டது. மாமா இல்லை, பெரியம்மாவும் இல்லை. ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று, மொத்தத்தையும் சொல்லி முடித்தேன்.

அவன் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டான். "அதையா இத்தனை நாளா வெச்சுக்கிட்டு இருந்த? செவுத்துல ஒட்டியிருந்த படத்துல மூணரைன்னு போட்டிருந்துச்சல்லொ. எனக்கு இங்கிலீசுதான் வராது. நெம்பருமா வராது? மூணரையிலதான் நிறுத்துனேன்."

அப்படியானால் என்னை எதற்கு முப்பது பக்கம் வாசிக்க வைத்தாய் என்று கேட்டேன்.

"நீ மொகத்தத் தொங்கப்போட்டுக்கிட்டு பட்டறையையே சுத்திச் சுத்தி வந்தே. மாமந்தான் சொன்னாரு, அவனுக்கும் எதாச்சும் ஒரு வேலை குடுடான்னு."

மிச்சமிருந்த ஒன்றையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது. எப்படியிருந்தாலும் அந்தப் பழத்தைப் பெரியம்மா என் கண்ணுக்காகத்தானே கட்டினார், அவருக்கு மட்டும் என்னைத் தெரிந்திருக்கிறது என்றேன்.

அண்ணன் இலையை மடித்தான்.

"எதுத்த பட்டறைக்காரனுக்காகக் கட்டுனதுடா அது. உன்ற கண்ணையெல்லாம் யாரு சீந்துனா?"