எரியாத பச்சை விளக்கு

அந்தப் பெட்டியை இன்று யாராவது என் கையில் கொடுத்தால் நேராகக் கிணற்றில் வீசுவேன். அவ்வளவு கோபம் இன்னும் இருக்கிறது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு தகர டப்பா. மேலே மூன்று ஓட்டை, ஒரு பொத்தான், ஒரு பச்சை விளக்கு. ரேடியோவுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரைக் கழற்றி, அதன் மூன்று கால்களையும் செருகிப் பொத்தானை அமுக்க வேண்டும். நல்லதாக இருந்தால் விளக்கு எரியும், செத்திருந்தால் எரியாது. விற்ற வேலூர்க் கடைக்காரர், "கண்ண மூடிக்கினு நம்பலாம் சார்" என்றார். நானும் அப்படியே நம்பித் தொலைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். கீழே சமவெளியில் வளர்ந்த கணியம்பாடிக்காரனான எனக்கு அந்தக் குளிரும் தனிமையும் ஒத்துவரவில்லை. ரேடியோ வேலைதான் பொழுதுபோக்கு. அதில் எனக்கு வாய்த்த ஒரே கூட்டாளி அங்கே சாமை விதைக்கிற ஒருவர். என் வயதுதான். யாரிடமும் வேலை பழகாமல் தானே பிரித்துப் பிரித்துத் தெரிந்துகொண்டவர். டிரான்சிஸ்டர் நல்லதா என்று பார்க்க அவருக்கு ஒரே வழிதான்: ஓடுகிற ரேடியோவில் அதைப் பொருத்திக் காது கொடுத்துக் கேட்பார். எனக்கு அது கைநாடி பார்க்கிற வேலையாகத் தோன்றியது. பெட்டி வந்த பிறகு அவரைக் கேலியும் செய்தேன். சிரித்துக்கொள்வார்.

பள்ளி விழாவுக்கு ஒலிபெருக்கியை நாங்களே செய்து தருவதாகத் தலைமையாசிரியரிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். கடைசியில் இரண்டு டிரான்சிஸ்டர் குறைந்தது. மலையிறங்கி வாங்கிவர நாள் இல்லை.

"வுடுங்க சார், நான் கொண்டாறேன்" என்றார் அவர்.

மலையில் புது பேட்டரிக் கட்டை அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. தீர்ந்த கட்டைகளைப் பாறைமேல் வெயிலில் காயவைத்து மறுபடி போட்டுக்கொள்வதுதான் எல்லார் வீட்டிலும் வழக்கம். பெட்டியிலும் அப்படிக் காய்ந்த இரண்டைத்தான் போட்டிருந்தேன். அன்று காலை, நல்லதென்று எனக்குத் தெரிந்த ஒரு டிரான்சிஸ்டரைச் செருகிச் சரிபார்த்தேன். பளிச்சென்று எரிந்தது.

சாயங்காலம் டீக்கடையில் நாலு பேர் நடுவே நான் பெட்டியோடு உட்கார்ந்திருந்தபோது அவர் வந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். "ஓடிக்கினு இருந்த செட்டுலேர்ந்து எடுத்தது சார்."

செருகினேன். எரியவில்லை. இரண்டாவதும் எரியவில்லை.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அதுவரை 'நீங்க' என்று பேசிவந்தவன், "இன்னாய்யா நெனச்சிக்கினு இருக்க? செத்ததக் கொண்டாந்து என் தலையில கட்டப் பாக்குறியா?" என்று கத்தினேன்.

"கேட்டுப் பாத்துதான் சார் கொண்டாந்தேன்."

"ஓங் காது சொல்றது நெஜம், இது சொல்றது பொய்யா?"

யாரோ சிரித்தார்கள். அவர் இரண்டையும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். விழா ஒலிபெருக்கி இல்லாமலே நடந்தது. கூட இருந்தே குழி பறித்துவிட்டான் என்று ஒரு வாரம் அவரை மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் என் பழைய நல்ல டிரான்சிஸ்டரையே செருகினேன். எரியவில்லை. திருப்பத்தூர் ஜீப்பில் புதுக் கட்டை வரவழைத்துப் போட்டதும் அதுவே எரிந்தது. வெயிலில் காய்ந்த கட்டைக்கு வருகிற தெம்பு கொஞ்ச நேரம்தான். காலையில் இருந்தது, சாயங்காலம் போய்விட்டிருக்கிறது. தன் கட்டை தீர்ந்துவிட்டது என்று சொல்ல அந்த டப்பாவுக்கு ஒரு வழியும் வைக்கவில்லை. தன் வயிறு காலியானால் எதிரே இருப்பதைச் செத்தது என்று காட்டும். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டது. நானோ ஒரு மனிதனைத் தள்ளிவிட்டு அதை நம்பியிருக்கிறேன்.

அவர் வீட்டுக்குப் போனேன். புளி உடைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து பாய் போட்டார். நடந்ததையெல்லாம் சொல்லி, தப்பு என்மேல்தான் என்றேன். அவர் மறுபடி உட்கார்ந்து ஒரு பழத்தை உடைத்தார்.

"எங்க வூட்டு ரேடியோலேர்ந்து கழட்டுனது சார் அது."

"அத அங்கியே சொல்லியிருக்கலாமே?"

"இன்னான்னு சொல்றது? நீங்க அப்டி கேட்டதும் எனக்கே எம்மேல சந்தேகம் வந்துடுச்சி. வூட்டுக்கு வந்து ரெண்டையும் மறுபடி ரேடியோல வச்சேன். பாடிச்சி. அப்பதான் சார் எனக்கு அழுகையே வந்துச்சி."