குசினிக்குள் ஆமென் சொன்னவன்

இதை வாசித்துவிட்டு "நல்ல கற்பனை, றஜீனா" என்று எனக்கு மெசேஜ் போடாதீர்கள். எனக்குக் கற்பனை வராது. பள்ளிக்கூடக் கன்ரீனில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறவள் நான். வீட்டுக்கு வந்தால் காலை நீட்டி இருக்கத்தான் தெரியும். பேய் பிசாசு என்று யாராவது தொடங்கினால், "முதல்ல கவுன்சில் டாக்ஸைக் கட்டு, பேய் தானா ஓடும்" என்று சொல்லிச் சிரித்தவள். இப்போது சிரிப்பதில்லை. போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈஸ்ட் ஹாமில் நான் தினம் சமைக்கிற என் வீட்டுக் குசினியில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அன்று என் வீட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் போய்க் கேளுங்கள்.

என் தம்பி ஜெரோசன் ஐஸ்லாந்தில் வேலை செய்தான். முதலில் நோர்வேக்குப் போய், அங்கிருந்து மாறி, ஒரு பனிமலை அடிவாரத்தில் உள்ள சின்ன ஹோட்டலில் சமையல். அந்த மலையின் பெயர் என் வாயில் நுழையாது. அம்மா செத்தபோது அவனுக்கு ஐந்து வயது. தலை இழுத்து, சோறு தீத்தி வளர்த்தது நான்தான். எனக்கென்று பிள்ளைகள் இல்லை. அவன் அங்கே தும்மினால் இங்கே எனக்குக் காய்ச்சல் வரும்.

அந்தப் பக்கம் நிலம் ஆடத் தொடங்கியது ஒக்டோபர் கடைசியில். ஒன்றிரண்டு தரம் இல்லை. நாளுக்கு நூற்றுக்கணக்கில், சின்னச் சின்ன நடுக்கம். பனிக்கட்டிக்கு அடியில் ஒரு எரிமலை கிடக்கிறதாம். அது எழும்பப் பார்க்கிறதாம். நான் இங்கே செய்தியைப் பார்த்துப் பார்த்துச் சாக, அவன் அங்கிருந்து சிரித்துக்கொண்டு போன் எடுப்பான்.

"இண்டைக்கும் ஆடினதக்கா. கோப்பையெல்லாம் டான்ஸ் ஆடுது. பழகிப் போச்சு."

"நெருப்பு வந்தா என்னடா செய்வாய், விசரா?"

"நெருப்பு பிறகுதான். முதல்ல தண்ணி வரும். எரிமலை மேல கிடக்கிற ஐஸை உருக்கி, ஒரேயடியாத் திறந்து விடும். ஆத்துப் பக்கத்தால அழுகின முட்டை மணம் வந்தா ஓட வேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். அவனுடைய வாய்க்கு அன்றைக்கே இரண்டு போட்டிருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு காலை எழும்பினால், செய்தியில் அந்த மலைதான். நடுக்கம் கூடிவிட்டது, எந்த நேரமும் வெடிக்கலாம், ஆட்களை வெளியேற்றுகிறார்கள். மத்தியானம் வரை தம்பியின் போன் அடித்தது, அவன் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அடிக்கவும் இல்லை.

என் கணவர் அருள்நேசனுக்கு பஸ் ஓட்டுகிற வேலை. அன்று அவருக்கு ஷிப்ட். தனியாக இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, பங்குக் கோயிலில் எங்கள் செபக் குழுவுக்கு மெசேஜ் போட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆயிரம் சண்டை பிடிப்போம், ஆனால் ஒரு வீட்டில் அந்தரம் என்றால் செபமாலையோடு வந்து நிற்பார்கள். என்னோடு சேர்த்து ஏழு பேர். எல்லோரும் பெண்கள்.

செபம் சொல்வித்தது அஞ்சலீனா ரீச்சர். ஊரில் கணக்குப் படிப்பித்தவ. இங்கே எந்த வீட்டுச் செபம் என்றாலும் அவதான். ஐந்து மணிக்குத் தொடங்கினோம். வெளியில் நல்ல இருட்டு. நவம்பரில் லண்டன் நாலு மணிக்கே கண்ணை மூடிவிடும்.

இனி நடந்த பிழையைச் சொல்ல வேண்டும்.

நவம்பர் எங்களுக்கு ஆத்துமாக்களின் மாதம். அந்த மாதம் முழுக்க வீடு வீடாகச் செபமாலை சொல்லி, கடைசியில் செத்தவர்களின் பெயரைச் சொல்லி, இளைப்பாற்றிச் செபத்தோடு முடிப்போம். ரீச்சர் அந்தக் கிழமை மட்டும் நாலு வீட்டில் அப்படி முடித்துவிட்டு வந்தவ. வாய் பழகிவிட்டது. என் தம்பி உயிரோடு வர வேண்டும் என்று சொன்ன செபமாலையின் முடிவில், கண்ணை மூடிக்கொண்டு, அதே இராகத்தில், "ஜெரோசனுடைய ஆத்துமாவுக்காக" என்று தொடங்கிவிட்டா.

எங்களுக்கும் வாய் பழகியதுதானே? ஏழு பேரும் முழுச் செபத்தையும் சொல்லி முடித்து, "ஆமென்" என்றோம். அதற்குப் பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ரீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு…

அப்போதுதான் குசினிக்குள் இருந்து வந்தது.

"ஆமென்…"

ஆண் குரல். கரகரத்த, நித்திரையால் எழும்பின குரல்.

"அருள் வந்திட்டாரோ?" என்று ரீச்சர் மெதுவாகக் கேட்டா. நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்கதவால் வந்திருப்பார். சப்பாத்தோடு உள்ளே வந்திருந்தால் வாயில் நல்லது வராது என்று நினைத்துக்கொண்டே எழும்பிப் போனேன். பயம் இல்லை. அந்த நிமிடம் வரைக்கும் இல்லை.

குசினி லைட் நிறுத்திக் கிடந்தது. வாசலில் கால் வைத்தவுடனேயே சூடு. ஹீற்றர் போடாத குசினி அது. ஆனால் முகத்தில் வெக்கை அடித்தது. அதோடு ஒரு மணம். சலவைத்தூள் மணம், காய்ந்த துணி மணம். அதற்குக் கீழே… அழுகின முட்டை.

லைட்டைப் போட்டேன். ஒருவரும் இல்லை.

சுடுதண்ணீர்ப் பைப் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் முழுக்க நீராவிப் புகார். பின்கதவில் உள்பக்கத் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

பைப்பைப் பூட்டினேன். அப்போது அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்தன. டிக்… டிக்… டிக்… எங்கள் வீட்டுக்குப் பின்னால் டிஸ்ட்ரிக்ட் லைன். ரயில் போனால் கோப்பை கிணுகிணுக்கும், அது புதிது இல்லை.

ஆனால் அன்று தண்டவாள வேலை. காலையில் இருந்து ஒரு ரயிலும் ஓடவில்லை.

"ஆரது?" என்றேன்.

கோப்பைகள் நின்றன.

"ஆரது?"

காலுக்குக் கீழே, நிலத்துக்குள், யாரோ படி ஏறுகிற சத்தம். என் வீட்டுக்கு நிலக்கீழ் அறை இல்லை.

டக்… டக்… டக்…

"ஆரது!" கத்திவிட்டேன்.

காலடி நின்றது. பிறகு, மிகத் தூரத்தில் இருந்து…

"எல்லாரும் எங்க?"

அது அருள் இல்லை.

என் தம்பியும் இல்லை.

எப்படி ஹோலுக்கு ஓடி வந்தேன் என்று தெரியாது. மற்ற ஆறு பேருக்கும் அந்தக் குரல் கேட்டிருந்தது. ரீச்சர் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அருள் வேலையால் வரும்வரை ஏழு பேரும் ஒரே சோபாவில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம்.

அவர் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது என் போன் அடித்தது. ஜெரோசன்.

"அக்கா, பஸ்ஸில ஏத்தி அனுப்பிட்டாங்கள். மலைப் பாதையில சிக்னல் இல்ல. இப்பதான் டவுனுக்கு வந்தனாங்கள். நான் சுகம். அழாத."

நான் அழுதேன். ரீச்சர் என்னைவிடக் கூட அழுதா. அந்த ஆமென்னைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. பிள்ளை தப்பிவிட்டான், வேறு என்ன வேண்டும்? அன்று இரவு ஒன்பது மணிபோல, அங்கே பனிக்கட்டி உடைந்து வெள்ளம் வந்தது. பாலத்தை அள்ளிக்கொண்டு போனது. அந்த ஹோட்டலுக்குள் மேல்மாடி வரைக்கும் சாம்பல் நிறச் சேறு. உயிர்ச்சேதம் இல்லை என்று செய்தியில் சொன்னார்கள்.

புதன்கிழமை தம்பி லண்டன் வந்தான். வந்தவன் சாப்பிடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கோ அடித்து அடித்துக் களைத்தான். பயந்திருக்கிறான் ஆக்கும் என்று நினைத்தேன். அவனைச் சிரிக்க வைக்கத்தான் அந்தக் கதையை எடுத்தேன். பாருங்கள், என் புத்தியை.

"உனக்கு உயிரோட இளைப்பாற்றி சொல்லி முடிச்சிட்டமடா. குசினிக்குள்ள ஒருத்தன் ஆமெனும் சொன்னவன்."

அவன் சிரிக்கவில்லை.

"என்ன மாதிரிக் குரல்?"

சொன்னேன். சூடு, சலவைத்தூள் மணம், படி ஏறின சத்தம், எல்லாம் சொன்னேன். அவன் அப்படியே சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டான்.

"அக்கா… அங்க ஜெரோசன் எண்டு ரெண்டு பேர்."

அப்போதுதான் எனக்குத் தெரியும். அவனோடு மரியசீலன் என்று ஒரு மன்னார்ப் பெடியன் இருந்திருக்கிறான். பேப்பர் இல்லாதவன். ஒரே வேர்க் பெர்மிட்டில் இருவரும் வேலை செய்திருக்கிறார்கள். பகலில் சமையலுக்கு என் தம்பி. இரவில் கீழே நிலக்கீழ் அறையில் துணி துவைக்க அந்தப் பெடியன். இரண்டு ஷிப்டுக்கும் ஒரே பெயர். அங்கே எல்லோரும் அவனையும் ஜெரோசன் என்றுதான் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரனுக்கு எங்கள் முகமெல்லாம் ஒன்றுதானே.

அந்த ஞாயிறு ஆட்களை ஏற்றும்போது தம்பி அவனுடைய கட்டிலைப் போய்ப் பார்த்தானாம். ஆள் இல்லை. முதல் பஸ்ஸில் போயிருப்பான் என்று நினைத்தானாம். கடைசி பஸ் வாசலில் மஞ்சள் ஜக்கெட் போட்ட ஒரு பெண் பெயர் கூப்பிட்டிருக்கிறாள்.

"ஜெரோசன் எண்டாள். நான் யெஸ் எண்டன். ஒருத்தனும் குறையேல்ல எண்டு கதவைப் பூட்டினாள்."

"நீ ஒண்டும் சொல்லேல்லையே?"

"இன்னொருத்தன் இருக்கலாம் எண்டு சொன்னா, பெயர் என்ன எண்டு கேப்பாள் அக்கா. நான் என்ன பெயரைச் சொல்ல?"

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. நான் வளர்த்த பிள்ளை அல்லவா… அந்த நேரத்திலும், இவன் தப்பியதே போதும் என்று என் மனம் ஒரு பக்கம் சொன்னது. அதை நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அன்று இரவே அவனைக்கொண்டு அந்த நாட்டுப் பொலிசுக்குப் போன் எடுப்பித்தேன். வருவது வரட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னான். அவர்கள் போய்த் தோண்டினார்கள். இரண்டாம் நாள் மரியசீலனை எடுத்தார்கள். நிலக்கீழ் அறையில் இல்லை. மேல்மாடி நடையில், ஒரு அறை வாசலில்.

மன்னாரில் அவனுக்கு ஒரே ஒரு தங்கச்சி. றொசாந்தி. தம்பியால் அவளோடு பேச ஏலாது. நான்தான் எடுத்தேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அவள் கனநேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"அண்டைக்கு அண்ணை கூப்பிட்டவர் அக்கா. இஞ்ச இரவு பதினொரு மணி இருக்கும்."

கணக்குப் பார்த்தேன். எங்களுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஐந்தரை. வெள்ளம் வர இன்னும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது.

அவன் உயிரோடு இருந்திருக்கிறான்.

நாங்கள் அந்தச் செபத்தைச் சொல்லும்போது, அவன் உயிரோடு…

"கட்டில் ஆடுது எண்டு, கீழ துணி காயப்போடுற மிசினுக்குப் பக்கத்தில படுத்தவராம். காதுக்குப் பஞ்சு. பொம்பிளையள் கனபேர் சேர்ந்து செபம் சொல்லுற சத்தம் கேட்டு முழிச்சவராம். மேல வந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. பஸ் போயிட்டுது."

"பிறகு?"

"பின்னால ஒரு மலை இருக்கு, பத்து நிமிசத்தில ஏறலாம் எண்டு அவரே சொன்னவர். ஏறு அண்ணை, ஏறு அண்ணை எண்டு நான் கத்தினன். அவர் ஏறேல்ல."

"ஏனம்மா?"

"உள்ள ஒரு பொம்பிளை நிக்கிறா எண்டவர். ஆரது, ஆரது எண்டு எங்கட தமிழில கத்தினவவாம். சரியாப் பயந்த குரலாம். அவவைத் தனிய விட்டிட்டு நான் எப்பிடியடி போறது, ஒவ்வொரு அறையாத் தேடிக் கூட்டிக்கொண்டு ஏறுறன் எண்டு போனை வைச்சவர்."

போனைக் காதில் வைத்தபடி குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

றொசாந்தி கேட்டாள்.

"அந்த அக்காவையும் எடுத்திட்டினமே?"