தண்ணீர்ப் பந்தலில் ரவி அண்ணன்

ரவி அண்ணனைக் கொன்றது தண்ணீர். அது கொல்லும் என்று அவருடைய கூடப்பிறந்த அண்ணன் பழனிவேலுக்குத் தெரியும்.

இறந்த செய்தி வந்தபோது நான் கல்லங்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். போனில் பழனிவேலே பேசினார். "ரவி போயிட்டான் தம்பி. வெயில் தாங்கல." வெயிலாம்.

உடையார்பாளையத்தில் பழனிவேல் நடத்தும் மைக் செட் கடையில் நானும் ரவி அண்ணனும் ஒன்றாக வேலை பார்த்தோம். மனநோய்க்கு அவர் மாத்திரை சாப்பிட்டது இந்த ஊரில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். வேலையில் பிசகமாட்டார். சத்தத்தைக் கூட்டச் சொல்லி வரும் பெரிய மனிதர்களிடம், "காதப் பொளக்க நான் எதுக்குங்க? சொல்றது வெளங்கணும்" என்பார்.

தண்ணீரைக் கண்டால் மட்டும் நிறுத்தமாட்டார். அரும்பாவூரில் ஒரு காதுகுத்து வீட்டில் பந்திக்கு வைத்திருந்த குடத்தையே தூக்கிக் குடித்தார். "வயித்துக்குள்ள ஏரி வெட்டி வச்சிருக்கியாப்பா?" என்றார் சமையல்காரர். எல்லோரும் சிரித்தோம், அவரும்தான். மாத்திரை சூடு, தண்ணீர் குடித்தால் தணியும் என்பது எங்கள் எண்ணம். கேட்டால் பழனிவேலும் அதையேதான் சொல்வார்.

இந்தக் கோடையில் பழனிவேல் பஸ் ஸ்டாண்டு எதிரே தண்ணீர்ப் பந்தல் போட்டார். பேனரில் அவர் படம். பானைகளுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் உட்கார ஓர் ஆள் வேண்டும். தம்பியை உட்காரவைத்தார்.

ஒரு மத்தியானம் ரவி அண்ணன் வாந்தி எடுத்தார். தலைவலி என்றார். பேச்சு குழறியது. வெயில்தான் என்று நினைத்து நாங்கள் மேலும் தண்ணீர் புகட்டினோம். வலிப்பு வந்தது.

அரியலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், தண்ணீர் மிஞ்சி ரத்தத்தில் உப்பு அடியோடு இறங்கிவிட்டது, மூளை வீங்கியிருக்கிறது என்றார். முன்பு இப்படி ஆனதுண்டா என்று கேட்டார். பழனிவேல் குனிந்துகொண்டே சொன்னார்: "போன வருசம் ஒருக்கா ஆச்சுங்க. பெரம்பலூர்ல தண்ணிய அளந்து குடுக்கச் சொன்னாங்க. தண்ணி ஒடம்புல தங்குதான்னு காலையிலயும் சாயங்காலமும் எடை பாக்கச் சொன்னாங்க."

கூடவே வேலை பார்த்த எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். ரவி அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதுதான் நான் கல்லங்குறிச்சி வேலைக்குப் போனேன்; அங்கேதான் அந்தப் போன் வந்தது.

ஏன் மறைத்தீர்கள் என்று காரியத்தன்று பழனிவேலிடம் கேட்டேன். பந்திக்கு இலை போடச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. பேனரில் இப்போது தம்பி படமும் இருக்கிறது, நினைவாக.

ரவி அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது 'சொல்றது வெளங்கணும்' என்று அவர் சொன்ன அந்த ஒன்றைத்தான். அதனால் கத்தாமல், எல்லோருக்கும் விளங்கும்படி மறுபடி கேட்கிறேன். பழனிவேல் அண்ணே, தெரிஞ்சும் எங்ககிட்ட ஏன் சொல்லல? அவரக் கொண்டுபோய்த் தண்ணிப் பானைகிட்ட ஏன் ஒக்கார வச்சீங்க?