மூன்று பத்துக்குக் கேட்ட இருமல்

நம்புகிறவர்கள் நம்பட்டும். இது எனக்கு நடந்தது, அதுவும் பட்டப்பகலில். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பேயை நினைத்து அல்ல, என்னை நினைத்து.

பூதலூர் பக்கம் எனக்கு நான்கு வேலி நிலம். அறுபத்தெட்டில் கூலி உயர்வு கேட்டு ஆட்கள் அறுவடைக்கு வராமல் நின்றபோது, வீம்புக்கு நானே நெல் மூட்டை தூக்கினேன். வலது தொடையிடுக்கில் குடல் இறங்கிவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு, நான்கு வருடம் துணியால் இறுக்கிக் கட்டி மறைத்தேன்.

எழுபத்திரண்டில்தான் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அந்த இடத்தில் விரலை வைத்து இருமச் சொன்னார். இருமினேன், புடைத்தது. "இது சிக்கிக்கிட்டா ஆறு மணி நேரத்துக்குள்ள வந்துடணுங்க. வந்துட்டா காப்பாத்திடலாம்" என்றார்.

எனக்குச் சாமிதுரை ஞாபகம் வந்தது. இருபது வருடம் என் மூட்டைகளைச் சுமந்தவன். அவனுக்கும் இதே நோய். அந்த வேலைநிறுத்தத்தின்போது, ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு அவன் மனைவி வள்ளியம்மை ஓடி வந்தாள். வீக்கம் உள்ளே போகவில்லை, வாந்தி எடுக்கிறான், மாட்டு வண்டி வேண்டும் என்றாள். அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவில்லை. ஆட்கள் தெருவுக்கு யாரும் வண்டி விடக் கூடாது என்று மிராசுதார்கள் கூடிப் பேசியிருந்தோம். அவள் திரும்பிப் போன கொஞ்ச நேரத்திலேயே அவன் போய்விட்டதாக அன்று இரவு என் காரியஸ்தர் வந்து சொன்னார். வண்டி போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து படுக்கையில் போட்டார்கள். முதுகில் போட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தது. என் மனைவி அகிலாண்டம் காபி வாங்கப் போனாள். மணி மூன்று. பக்கத்துக் கட்டில் காலி.

மூன்று ஐந்து. எனக்கு இருமல் வந்தது. தையல் விட்டுவிடுமோ என்று அடக்கினேன்... முடியவில்லை.

ஒரு கை தையல் மேல் போட்டிருந்த கட்டை அழுத்தியது.

சொரசொரப்பான கை. மரத்த உடம்பில் அது மட்டும் தெரிந்தது. பார்த்தேன். கை இல்லை. போர்வை மட்டும் உள்ளங்கை அளவுக்கு அமுங்கியிருந்தது...

"அழுத்திக்கிட்டு இருமுங்க, ஐயா."

காலிக் கட்டிலிலிருந்து குரல்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து.

லொக்... லொக்...

இருமியது நான் இல்லை.

"வண்டி வருதுங்களா?"

"வருது" என்றேன்.

அப்போதும் பொய்.

கை விலகியது.

வீடு திரும்பிய பதினைந்தாம் நாள் வள்ளியம்மையைத் தேடிப் போனேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அவன் எத்தனை மணிக்குப் போனான் என்று தரையைப் பார்த்தே கேட்டேன்.

"மத்தியானங்க. மூணு பத்து ரயிலு கூவுச்சு, அப்பத்தான்."

ஒன்பது மணியிலிருந்து மூன்று பத்து வரை. கயிற்றுக் கட்டிலில் வைத்தாவது தூக்கிப் போயிருக்கலாமே என்றேன்.

"நாலு பேரு தூக்கத்தான் வந்தாங்க. அவருதான் வேணாம்னுட்டாரு. ஐயா சொல்லிட்டாங்க, வண்டி வந்துரும்னாரு. வலிக்கிற எடத்துல கையை அழுத்திக்கிட்டு, உசுரு போற வரைக்கும் தெருமுனையையே பாத்துக்கிட்டு இருந்தாருங்க."