நாற்காலி எண்ணும் கேமரா

கல்யாண வீட்டுல கேமராவைப் பார்த்தா பல்லைக் காட்டுவாங்க, தேர்தல் கூட்டத்துல பார்த்தா நாற்காலியை மடக்குவாங்க; ரெண்டுக்கும் போற எங்க பொழப்பு இப்படித்தான் ஓடுது.

ரெட்டியார்பாளையத்துல சின்னதா ஒரு ஸ்டுடியோ வச்சிருக்கேன். தேர்தல் வந்தா வேட்பாளர் செலவைக் கண்காணிக்கிற குழுவுக்கு வீடியோ எடுக்கக் கூப்பிடுவாங்க. ஜீப்புல முன்னாடி அதிகாரி, பின்னாடி நான். கொடி, நாற்காலி, சால்வை, டீ கிளாஸ், எது கண்ணுல பட்டாலும் எடுக்கணும். ஒவ்வொண்ணுக்கும் ஆபீஸ்ல ஒரு விலை இருக்கு. அது வேட்பாளர் செலவுல ஏறிடும். மைக்ல என்ன பேசறாங்கன்றதைப் பத்தி யாருக்கும் கவலை இல்ல. பங்குனி வெயில்ல கேமரா தூக்கித் தோள்பட்டை வீங்கினவங்க யாராவது இருந்தா உக்காருங்க, உங்ககிட்டதான் பொலம்பப் போறேன்.

ஆரத்தி

உழவர்கரையில ஒரு தெரு. பெரிய கட்சி வேட்பாளர் வர்றாருன்னு பொம்பளைங்க ஆரத்தித் தட்டோட காலையிலேர்ந்து காத்திருந்தாங்க. தட்டுல நோட்டு விழறது வழக்கம். அதுவும் செலவுதான், நாங்க எடுக்கணும். வந்தவரு என் கேமராவைப் பார்த்தாரு, பெரிய கும்பிடு ஒண்ணு போட்டாரு, வேன்ல ஏறிப் போயிட்டாரு.

அவ்வளவுதான், மொத்தக் கோவமும் என் தலையில. ஒரு அக்கா நேரா வந்து என் நெத்தியில ஆரத்தித் தண்ணியில பொட்டு வச்சு, தட்டை நீட்டினாங்க. "அவரு போடலன்னா நீ போடு தம்பி, உன்னாலதான போச்சு!"

பிறந்தநாள்

அதே வேட்பாளரோட ஆளுங்க ஒரு மண்டபத்துல பிரியாணி போடறதா தகவல். ஓடினோம். கொடி கிடையாது, சின்னம் கிடையாது. ஒரு குழந்தைக்குப் பிறந்தநாளாம். பந்தி பந்தியா சாப்பிடறாங்க. மேடையில கேக் அப்படியே இருக்கு. மண்டபம் முழுக்கத் தேடிப் பார்த்தும் குழந்தையை மட்டும் காணோம்.

"குழந்தை எங்கப்பா?"ன்னு அதிகாரி கேட்டாரு. பரிமாறிட்டிருந்தவரு கொஞ்சமும் அசரல. "தூங்குது சார். எழுப்பினா அழும். நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க."

பாய் பிடிச்ச ஆட்டோ

மூலக்குளத்துல தையல் கடை வச்சிருக்கிற செல்வி அக்கா சுயேச்சையா நின்னாங்க. அவங்க தெருக் குழாய்ல சாக்கடை கலந்து வருது. அதைக் குடிச்சு அவங்க பொண்ணுக்கு மஞ்சக்காமாலை. மனு கொடுத்து கொடுத்து அலுத்துட்டாங்க. ஜெயிக்கறதெல்லாம் ஒரு கணக்கே இல்ல; மைக் பிடிச்சு ஊருக்குச் சொல்லணும், அதுக்காகவே நின்னாங்க.

அவங்க பக்கத்து இரும்புக் கடை பாய், தன் காசுல ஒரு மைக் ஆட்டோ பிடிச்சு, "செல்விக்கு ஓட்டுப் போடுங்க, தண்ணி நாறுது"ன்னு கெளம்பிட்டாரு. மடக்கிட்டோம். வேட்பாளர் எழுதிக் கொடுக்காம வேற ஆளு செலவு பண்ணக் கூடாது, கேஸ் ஆயிடும்னு அதிகாரி சொன்னாரு. "அப்ப பேரை விட்டுடறேன், தண்ணி நாறுதுன்னு மட்டும் சொல்லவா?"ன்னாரு பாய். அதிகாரி நல்ல மனுஷன், யோசிச்சுப் பார்த்துட்டுதான் சொன்னாரு, இப்ப சொன்னா அதுவும் பிரச்சாரம்தான்னு.

பாய் மைக்கை ஆஃப் பண்ணிட்டு மெதுவா கேட்டாரு. "அப்ப எலக்‌ஷன் முடியற வரைக்கும் தண்ணி நாறலன்னு வச்சிக்கலாமா சார்?"

செல்வி அக்கா கூட்டம்

ஒருவழியா அனுமதி வாங்கி, வீட்டு வாசல்லயே சாயங்காலம் கூட்டம் போட்டாங்க. தெருக்காரங்க அவங்கவங்க வீட்டு நாற்காலியைத் தூக்கிட்டு வந்தாங்க. சொந்த நாற்காலியா இருந்தாலும் விலை போட்டாகணும்னு அதிகாரி சொன்னதும் அக்காவுக்கு முகம் வெளுத்துப் போச்சு. செலவுக் கணக்குல தப்பு வந்தா மறுபடி நிக்க விடமாட்டாங்களோன்னு பயம். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க"ன்னாங்க. நாற்காலி போச்சு, கூடவே ஆளும் போச்சு. மிச்சம் நின்ன ரெண்டொருத்தரும் வீடியோவுல விழுந்துடுவோம்னு கதவுக்குப் பின்னாடி ஒதுங்கிட்டாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு. கூட்டத்தை எடுக்க வந்தவன் கூட்டத்தைக் கலைச்சுட்டு நிக்கறேன்.

அக்கா மைக்கோட தனியா நின்னாங்க. "இதை யாரு பாப்பாங்க தம்பி?"ன்னு கேட்டாங்க. ஆபீஸ்ல பெரிய சார் பாப்பாருன்னேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, கலங்கல் தண்ணி பாட்டிலை என் லென்ஸுக்கு நேரா நீட்டினாங்க. "சார், இதைக் குடிச்சுத்தான் எம் பொண்ணு ஆஸ்பத்திரியில கெடந்தா. உங்க ஓட்டு வேணாம், எங்க குழாயை மட்டும் வந்து பாருங்க."

பெரிய சார்

மறுநாள் ஆபீஸ்ல போட்டுக் காட்டினேன். மத்த வீடியோவெல்லாம் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறவரு, இதை மட்டும் ஓட்டாம பார்த்தாரு. பாட்டிலை நீட்டற இடத்துல நிறுத்தச் சொன்னாரு. ஸ்கிரீன் பக்கத்துல வந்து குனிஞ்சு பார்த்தாரு. அப்பாடா, ஒருத்தராவது கேட்டாரேன்னு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அவரு விரலை வச்ச இடம் பாட்டில் இல்ல. "இவங்களுக்குப் பின்னாடி ஒரு டேபிள் ஃபேன் ஓடுதே, அது வாடகையா, சொந்தமா?"

பணக்காரன் தேர்தலை விலைக்கு வாங்கிடக் கூடாதுன்னு போட்ட நல்ல சட்டத்துல, நான் வேர்க்க விறுவிறுக்க ஓடி ஓடி எடுத்ததுக்குக் கடைசியில கையும் களவுமா மாட்டினது அந்த டேபிள் ஃபேன் ஒண்ணுதான்.